மின்மெருகு

உலோகத்தைத் தேய்த்துப் பளபளக்கச் செய்தலே மெருகு என்பர் பலர். அறுவைக் கருவிகளைப் பொறுத்தவரை அக்கருத்து பொருந்தாது. தூளிட்டுத் தேய்க்குங்கால் மேடுகள் சில மடிந்து பள்ளங்களை மூடிவிடுகின்றன. தூளின் துகள்களும் உள்ளே புதைகின்றன. வெளியே பொலிவு, உள்ளே அழுக்கு! கிருமிகளுக்கு இதனினும் நல்ல உறையுள் வேறு யாது?

பிரெஞ்சு அறிஞர் ழாக்கே 1930-களில் ஆராய்ந்து வெளியிட்ட முறை வேறு. முலாம் பூசுதலின் மறுதலை இது. எவர்சில்வர்க் கருவியை மின்சாரத்தின் நேர்முனையோடு இணைத்து, பாஸ்பாரிக், கந்தகத் திராவகங்களின் கலவையில் அமிழ்த்துவர். உலோகம் கரையுந்தோறும் பாகு போன்றதொரு படலம் அதனைச் சூழும். அப்படலம் பள்ளத்தில் தடித்தும் மேட்டில் மெலிந்தும் நிற்றலின், மேடே விரைந்து கரையும். இரும்பு மிகுதியாக நீங்கிக் குரோமியம் மேற்பரப்பில் விஞ்சுதலால் துருவும் எளிதில் அணுகாது.

நீங்குவதோ பெரும்பாலும் மில்லிமீட்டரில் நூற்றில் ஓரிரு பங்கே. ஆழ்ந்த கீறலை இம்மெருகு போக்காது. அதனைக் குறையென்பாரும் உளர்; உள்ள குறையை மூடாமற் காட்டுதலின் யான் அதனைச் சிறப்பென்பேன்.

மருந்து காய்ச்சும் கலன்களும் பால் செல்லும் குழாய்களும் இம்மெருகு பெறுகின்றன. செலவு மிகும், திராவகக் கழிவும் தீங்கானது என்பது மெய்யே. உண்கலத்திற்குத் தேய்த்த மெருகே போதும். அதனை யார் மறுப்பர்? ஆயின் இரத்தக் குழாயினுள் வைக்கும் ஸ்டென்ட் என்னும் நுண்வலையின் கண்களுள் எந்தத் தேய்ப்புக் கருவி நுழையும்?