மண்சட்டியை மண்சட்டியாகப் பாருங்கள்

ஏழையின் கையிலுள்ள வெறும் பாத்திரம் மனித வாழ்வின் வெறுமைக்குக் குறியீடு என்கிறார்கள். வங்கப் பஞ்ச ஓவியங்களைப் பற்றி யார் மேடையேறினாலும் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. பல ஆண்டுகளாகக் கேட்டுச் சலித்துவிட்டது. இது தவறு மட்டுமல்ல, அநியாயமும்கூட.

1943இல், வங்கப் பஞ்சத்தின்போது, ஓவியர் ஜைனுல் ஆபேதின் கல்கத்தா நடைபாதைகளில் கிடந்தவர்களை மலிவான தாளில் கறுப்பு மையால் வரைந்தார். இன்னொரு ஓவியரான சித்தப்ரசாத் மிட்னாப்பூர் கிராமங்களில் அலைந்து வரைந்தார். அந்த மனிதர்கள் பாத்திரத்தோடு திரிந்ததற்குக் காரணம் உண்டு. வாசல் வாசலாகப் போனவர்கள் சோறு கேட்கவில்லை. கேட்டாலும் கிடைக்காது என்று தெரிந்து, வடித்த கஞ்சியைக் கேட்டார்கள். கஞ்சியை முந்தானையில் வாங்க முடியுமா? அதனால்தான் எல்லாம் போன பிறகும் ஒரு சட்டியோ தகரக் குவளையோ கூடவே வந்தது.

அது என்ன பாத்திரம் என்பதையும் பார்க்க வேண்டும். பித்தளையும் வெண்கலமும் அரிசிக்காக விலைபோயின. ஆடுமாடு போயிற்று, நிலம் போயிற்று, கதவையும் கூரைத் தகரத்தையும்கூடக் கழற்றி விற்றார்கள். வாங்க ஆளில்லாத பொருள்தான் கையில் மிஞ்சியது. ஆக, அந்த மண்சட்டி ஒரு குடும்பத்தின் கணக்குப் புத்தகம். அதை 'வெறுமை' என்று தத்துவமாக்கிவிட்டால், போரில் ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாதென்று பிரிட்டிஷ் அரசு படகுகளைப் பறித்ததும், அரிசி பதுக்கப்பட்டதும், அடிமாட்டு விலைக்கு யாரோ அந்தப் பித்தளையை வாங்கியதும் பேச்சிலிருந்தே மறைந்துவிடுகின்றன. சுமார் 30 லட்சம் பேரைக் கொன்ற பஞ்சத்துக்குப் பொறுப்பாளியே இல்லாமல் போகிறது.

அந்த ஓவியங்களில் வரும் காகம் சாவின் குறியீடாம். குப்பைத்தொட்டியில் தின்ன ஏதாவது இருந்தால் காகம் வரும், நாய் வரும். அன்று மனிதரும் வந்தார்கள்.

கிழிந்த சேலையைப் பற்றிய கவித்துவமும் அப்படித்தான். துணிக்கும் அப்போது கடும் பஞ்சம்.

நல்ல கலைக்குப் பெயரும் ஊரும் வேண்டியதில்லை, அது பொதுமனிதனைக் காட்டும் என்பது அடுத்த வாதம். ஆனால் சித்தப்ரசாத் தாம் வரைந்தவர்களின் பெயரையும் ஊரையும் குறித்துவைத்தவர். பஞ்சத்தைப் பற்றிய அவருடைய 'ஹங்ரி பெங்கால்' புத்தகம் வெளிவந்ததும் பிரிட்டிஷ் அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து எரித்தது. பொதுமனிதனின் வெறுமைக்கு எந்த அரசு பயப்படும்? அந்தப் புத்தகம் சாட்சி சொன்னது, அதனால் எரித்தார்கள்.

இந்தப் படங்களுக்கு முன்னால் நிற்கப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கையில் இருப்பது மண்ணா, தகரமா, பித்தளையா என்று முதலில் பாருங்கள். பிறகு, மற்றவற்றை யார் வாங்கிப்போனார்கள் என்று கேளுங்கள்.