ஆர்துரோ சாண்டோவல்: நன்றி வேறு, விசுவாசம் வேறு

அமெரிக்காவின் உயரிய கலை விருதுகளுள் ஒன்றான கென்னடி மைய கௌரவம் 2024 டிசம்பரில் ட்ரம்பெட் கலைஞர் ஆர்துரோ சாண்டோவலுக்கு வழங்கப்பட்டது. அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்னர், 2013 இல், அந்நாட்டின் ஜனாதிபதி சுதந்திரப் பதக்கத்தை பராக் ஒபாமாவின் கையால் பெற்றவர் அவர். பத்து கிராமி விருதுகளும் அவர் வசம் உள்ளன. ஜாஸ் இசையிலும் மேற்கத்திய சாஸ்திரிய இசையிலும் ஒரே உதட்டால் முதல் தரத்தில் வாசிப்பவர்கள் உலகில் மிகச் சிலரே. அச்சிலருள் இவர் ஒருவர்.

அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகள் இரண்டு. புரட்சி இலவசமாகக் கற்பித்து ஆளாக்கிய நன்றிகெட்டவர் என்பது ஒன்று. கம்யூனிசச் சிறையை உடைத்து வெளியேறிய வீரர் என்பது மற்றையது. முன்னையதை ஹவானாவின் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள், பின்னையதை மியாமி சொல்கிறது. இரண்டிலும் பாதி உண்மை உண்டு. இரண்டும் ஒரே பிழையின் மேல் கட்டப்பட்டவை என்பதே எனது கருத்து.

சாண்டோவல் 1949 நவம்பர் 6 ஆம் திகதி, ஹவானாவுக்கு மேற்கேயுள்ள ஆர்த்தெமிசாவில் பிறந்தார். தந்தை மோட்டார் வாகனம் திருத்துபவர். வீட்டில் வறுமை. ஊரின் வாத்தியக் குழுவில் இசை பயிலத் தொடங்கிய சிறுவன், பதின்ம வயதில் தலைநகரின் தேசிய கலைப் பள்ளிக்குத் தெரிவானான். அங்கே ஒரு ரஷ்ய ஆசிரியரிடம் மூன்று ஆண்டுகள் சாஸ்திரிய ட்ரம்பெட் பயின்றான். கட்டணம் எதுவும் இல்லை. ஓர் ஏழைத் தொழிலாளியின் மகனுக்கு இத்தகைய கல்வி கிடைத்தது அந்த அரசின் கொள்கையால்தான். மியாமியின் கதையில் இந்த அத்தியாயம் அவசரமாகப் புரட்டப்படுகிறது. அதை மறைப்பது நேர்மையாகாது.

ஆனால் கல்வி கொடுத்த கை, காதையும் பொத்தப் பார்த்தது. ட்ரம்பெட்டில் விரலுக்கு வேலை குறைவு, இருப்பவை மூன்று விசைகள் மட்டுமே. அத்தனை சுரங்களும் உதட்டின் இறுக்கத்திலும் மூச்சின் அழுத்தத்திலும் பிறக்க வேண்டும். எழுதியதை எழுதியவாறே வாசிக்கும்படி சாஸ்திரிய இசை கேட்கும். உன் குரல் எங்கே என்று ஜாஸ் கேட்கும். புரட்சி அரசுக்கு முதலாவது பண்பாடு, இரண்டாவதோ எதிரி நாட்டின் சத்தம். 1967 இல் கியூபாவின் தேர்ந்த ஜாஸ் வாத்தியக்காரர்களைக் கொண்டு அரசே ஓர் இசைக்குழுவை அமைத்தபோது, அதற்கு 'கியூப நவீன இசைக்குழு' என்று பெயரிட்டது. ஜாஸ் என்ற சொல் பெயரில் இடம்பெறவில்லை. சாண்டோவலும் அக்குழுவில் இருந்தார்.

அவருக்கு ஜாஸை அறிமுகம் செய்தவர் ஒரு பத்திரிகையாளர் என்று அவரே நேர்காணல்களில் கூறியிருக்கிறார். அந்த மனிதர் போட்டுக் காட்டியது டிஸ்ஸி கில்லெஸ்பியும் சார்லி பார்க்கரும் வாசித்த இசைத்தட்டு. நம் தொழிலைச் சேர்ந்த ஒருவர் செய்த நற்காரியங்களில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். அதன்பின் அவருடைய பள்ளிக்கூடம் சிற்றலை வானொலிதான். வில்லிஸ் கோனோவர் 1955 முதல் அமெரிக்கக் குரல் வானொலியில் நடத்திய ஜாஸ் நிகழ்ச்சியை உலகின் எத்தனையோ மூடிய நாடுகளில் இளைஞர்கள் ஒளிந்திருந்து கேட்டார்கள். 1971 இல் கட்டாய இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்ட சாண்டோவல் அவ்வாறு கேட்கையில் பிடிபட்டு, மூன்று மாதங்களுக்கும் மேலாகச் சிறையில் கிடந்தார். அவர் துண்டுப்பிரசுரம் அச்சிடவில்லை, கூட்டம் கூட்டவில்லை. கேட்டார், அவ்வளவுதான். ஹவானாவின் கதையில் மறைக்கப்படும் அத்தியாயம் இது.

1973 இல் பியானோக் கலைஞர் சூச்சோ வல்தேஸ், சாக்ஸபோன் கலைஞர் பக்கீட்டோ டி ரிவேரா ஆகியோருடன் இணைந்து இராக்கெரே என்ற குழுவை உருவாக்கினார். ஆபிரிக்க வழிபாட்டு மேளங்களை ஜாஸுடன் பிணைத்த அக்குழுவின் இசைத்தட்டுக்கு 1980 இல் கிராமி விருதும் கிடைத்தது.

இதற்கிடையில், 1977 மே மாதம், உல்லாசக் கப்பல் ஒன்றில் கில்லெஸ்பி ஹவானாவுக்கு வந்தார். சாண்டோவல் தமது பழைய காரில் அவரை ஏற்றிக்கொண்டு, றும்பா மேளம் ஒலிக்கும் தெருக்களுக்கெல்லாம் அழைத்துச் சென்றார். தாமும் ட்ரம்பெட் வாசிப்பவர் என்று வாய் திறக்கவில்லை. அன்றிரவு மேடையில் ட்ரம்பெட்டுடன் நின்றவரைக் கண்டு, தன் சாரதிக்கு இங்கே என்ன வேலை என்று கில்லெஸ்பி திகைத்தார் என்பது இசையுலகில் அடிக்கடி சொல்லப்படும் சம்பவம்.

கில்லெஸ்பிக்கும் கியூபாவிடம் ஒரு கடன் இருந்தது. கியூப மேளக் கலைஞர் சானோ போஸோ 1947 இல் அவருடைய குழுவில் சேர்ந்து ஜாஸின் தாளத்தையே மாற்றினார். மறு ஆண்டே நியூயோர்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். முப்பது ஆண்டுகளின் பின் கில்லெஸ்பி ஓர் இளம் கியூபருக்குத் துணை நின்றார். இதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் தேவைப்படவில்லை.

பக்கீட்டோ 1980 இலேயே ஸ்பெயினில் வைத்து நாட்டைத் துறந்தார். சாண்டோவல் மேலும் பத்து ஆண்டுகள் பொறுத்திருந்தார். காரணம் குடும்பம். கலைஞர் வெளிநாடு போகலாம், மனைவியும் பிள்ளையும் நாட்டில் நிற்க வேண்டும் என்பதே அங்கு நிலவிய ஏற்பாடு. எழுதப்படாத பணயம் என்று அதைச் சொல்லலாம். 1990 இல் கில்லெஸ்பியின் குழுவுடன் ஐரோப்பாவில் பயணம் செய்துகொண்டிருந்தபோது, குடும்பமும் லண்டனில் இருக்கும் வாய்ப்பு அமைந்தது. கில்லெஸ்பியின் துணையோடு ரோமிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் அவர் தஞ்சம் கோரினார்.

கதை இத்துடன் இனிதே முடிந்ததாகப் பலரும் எழுதிவிடுகிறார்கள். முடியவில்லை. அமெரிக்கப் பிரஜாவுரிமைக்கு அவர் விண்ணப்பித்தபோது முதலில் மறுக்கப்பட்டது. அவர் கியூபக் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்தவர் என்பதே காரணம். விண்ணப்பத்துக்கு முந்திய பத்து ஆண்டுகளுக்குள் விரும்பிக் கட்சியில் சேர்ந்திருந்தவருக்குப் பிரஜாவுரிமையை மறுக்க அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. குடும்பத்தை வெளியே எடுப்பதற்காகவே சேர்ந்ததாக அவர் விளக்கினார். 1990களின் இறுதியில்தான் பிரஜாவுரிமை கிட்டியது. வானொலி கேட்டதற்காக ஓர் அரசு சந்தேகித்த மனிதரை, அந்த அரசின் கட்சி அட்டையை வைத்திருந்ததற்காக மற்றைய அரசு சந்தேகித்தது. இரண்டு அரசுகளும் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: நீ முழுவதும் எங்கள் ஆள்தானா?

நான் சொன்ன பிழை இதுவே. நன்றியையும் விசுவாசத்தையும் ஒன்றாகக் குழப்புவது. கற்பித்தவனுக்கு நன்றி சொல்ல வேண்டியது கடமை. அந்த நன்றியை வாழ்நாள் அடிமைச் சாசனமாக எழுதிக் கேட்பது எந்த அரசுக்கும், எந்த இயக்கத்துக்கும் உரிமையில்லாத காரியம். பத்திரிகையில் பல ஆண்டுகள் செய்தி எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், 'தப்பியோடினார்' என்பதற்கும் 'தஞ்சம் புகுந்தார்' என்பதற்கும் இடையில் எழுதுபவனின் தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. 'துரோகி' என்ற சொல்லில் அது ஒளிந்திருப்பதுகூட இல்லை. அச்சொல்லின் சுமையை ஈழத்து வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சூச்சோ வல்தேஸ் பல தசாப்தங்கள் கியூபாவிலேயே நின்று மகத்தான இசையைத் தந்தார். நின்றவரை அடிமை என்பதும் போனவரைத் துரோகி என்பதும் ஒரே அளவுகோலின் இரு முனைகள்.

சாண்டோவல் கடனை மறந்தவரா என்பதற்கு அவருடைய இறுவட்டுகளே சாட்சி. 1994 இல் வெளியான சாஸ்திரிய இசைத் தொகுப்பில், ஹும்மலின் படைப்புடன் சோவியத் ஆர்மீனியரான அருத்யூனியனின் ட்ரம்பெட் கொன்சேர்ட்டோவையும் வாசித்தார். 2003 இன் 'ட்ரம்பெட் பரிணாமம்' என்ற தொகுப்பில், கிங் ஒலிவர், லூயி ஆம்ஸ்ட்ரோங் முதல் வின்ற்றன் மார்சலிஸ் வரை, முன்னோடிகள் ஒவ்வொருவரின் பாணியிலும் வாசித்துக் காட்டினார். அவ்வரிசையில் ரஷ்ய மேதை திமோஃபி தோக்ஷித்ஸரும் உண்டு. 1993 இல் மறைந்த கில்லெஸ்பிக்கு, 2012 இல் ஒரு முழுத் தொகுப்பையே அஞ்சலியாக்கினார். ரஷ்ய ஆசிரியர் தந்ததையும் கறுப்பின அமெரிக்கர் தந்ததையும் அவர் ஒருபோதும் தள்ளிவிடவில்லை. எவரிடம் பெற்றாரோ அவர்களுக்கே, அவர்கள் அறிந்த மொழியில் திருப்பிக் கொடுத்தார்.

ஒரு கலைஞனிடம் கேட்கக்கூடிய நன்றி அவ்வளவே. அதற்கு மேல் கேட்பவர்கள் அவனுடைய இசையைக் கேட்கவில்லை, அவனுடைய கையொப்பத்தைத்தான் கேட்கிறார்கள்.