குணத்தை வளைத்துக் கதையை நகர்த்தலாமா?

வீடியோ கேம்களின் கதைசொல்லல் பற்றிய பேச்சில் ஒரு நம்பிக்கை ஏறத்தாழ விதியாகவே நிலைத்துவிட்டது. பாத்திர ஒருமை, அதாவது ஒரு பாத்திரம் தன் இயல்புக்கும் தன் கடந்த காலத்துக்கும் பொருந்த நடப்பது, ஒரு தேவை. கதைப்பின்னல், அதாவது நிகழ்ச்சிகளைக் காரண காரியத்தோடு கோத்து முடிவை நோக்கிச் செலுத்தும் அமைப்பு, அதற்கு எதிரான மற்றொரு தேவை. ஒன்றைக் காக்க மற்றொன்றில் விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஆடுபவரின் கையில் கட்டுப்பாடு இருக்கும் கேம்களில் விட்டுக்கொடுக்க வேண்டியது பெரும்பாலும் பாத்திரமே. இவ்வாறு சொல்லும் அந்த நம்பிக்கை தவறானது என்பதோடு, மெத்தனமான எழுத்துக்கு நிரந்தரச் சாக்காகவும் அமைந்துவிட்டது.

முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்ட கதையில் பாத்திரம் எவ்வாறு சிதையாமல் நிற்கிறது என்பதற்கான சான்று கொங்கு மண்ணிலேயே இருக்கிறது. இன்று திருப்பூர் மாவட்டத்தில் அடங்கும் காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், உடுக்கடிப் பாட்டாகப் பல இரவுகள் பாடப்படும் அண்ணன்மார் கதையை 1965-இல் ஒலிப்பதிவு செய்து, பின்னர் 1982-இல் அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலும் வெளியிட்டார். அக்கதையில் பொன்னர், சங்கர் என்னும் இரட்டையரின் ஆயுள் 16 ஆண்டுகள் என்பது அவர்கள் பிறப்பதற்கு முன்பே விதிக்கப்பட்டுவிடுகிறது. பாட்டைக் கேட்க வந்து அமரும் ஒவ்வொருவருக்கும் அந்த முடிவு தெரியும். கதைப்பின்னலின் கட்டாயம் இதைவிடக் கடுமையாக இருக்க முடியாது.

இருந்தும் அந்தக் கட்டாயத்துக்காக இருவரின் குணமும் வளைக்கப்படுவதில்லை. பொன்னர் பொறுமைசாலி, பிறர் சொல்லை எளிதில் நம்புபவர். சங்கர் முன்கோபி, பேசுவதற்கு முன்பே வாளை உருவுபவர். பொன் என்று சொல்லிப் போலி மரக்காலோடு வரும் ஆசாரியின் சூழ்ச்சிக்கு ஆட்படுபவர் பொன்னர்தான். அதே ஆசாரி சங்கரின் முன் போய் நின்றிருந்தால் சூழ்ச்சி தொடங்கிய இடத்திலேயே முடிந்திருக்கும். இறுதியில் தன்னை நோக்கி வந்த அம்பு திருமால் எய்தது என்று உணர்ந்ததும், எந்தப் பகைவனும் வீழ்த்த முடியாத சங்கர் தன் காலம் முடிந்ததென்று தன் வாளிலேயே விழுகிறார். தம்பி இல்லாத உலகில் வாழ விரும்பாத பொன்னர் அவரைப் பின்தொடர்கிறார். விதி முடிவை மட்டுமே தருகிறது; அம்முடிவுக்குப் போகும் வழியை அவரவர் குணமே போட்டுக்கொடுக்கிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பாட்டைக் கேட்பவர் சங்கரின் கையைப் பிடித்து இயக்குவதில்லை, கேம் ஆடுபவரோ பாத்திரத்தைத் தன் விருப்பப்படி நடத்துகிறார். ஆகவே வாய்மொழிக் காப்பியத்தின் நியாயம் கேமுக்குப் பொருந்தாது என்பதே அது. ஆனால் ராக்ஸ்டார் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' இந்த மறுப்புக்கு விடையாக நிற்கிறது. 1899-இல் நடக்கும் அக்கதையில் ஆர்தர் மோர்கன் ஒரு கொள்ளைக் கூட்டத்தின் அடியாள். கூட்டம் வட்டிக்கு விட்ட பணத்தை வசூலிக்க டவுன்ஸ் என்னும் நோயாளிக் குடியானவரை அவன் அடிக்க, அவர் இருமித் தெறிக்கும் இரத்தத்தின் வழியாக அவனுக்குக் காசநோய் தொற்றுகிறது. அந்த அடியைக் கொடுக்கப் பொத்தானை அழுத்துபவர் ஆடுபவர். அதைத் தவிர்த்துவிட்டுக் கதையில் மேலே போக வழியில்லை. ஆர்தரின் சாவு கதைப்பின்னலின் கட்டாயம், ஆனால் அது அவன் செய்துவந்த தொழிலிலிருந்தே முளைக்கிறது. ஆடுபவர் அவனை நல்வழியிலோ தீவழியிலோ நடத்தியதற்கு ஏற்பச் சாகும் விதம் மாறுகிறதே தவிர, சாவு மாறுவதில்லை. ஆடுபவரின் சுதந்திரம், பாத்திரத்தின் இயல்பு, கதையின் முடிவு ஆகிய மூன்றும் இங்கே ஒன்றையொன்று தின்னாமல் இருக்கின்றன.

அவ்வாறு இல்லாத இடங்களில் உண்மையில் என்ன கெடுகிறது? 2013-இல் வந்த 'டூம் ரைடர்' கேமில் நாயகி லாரா கிராஃப்ட் முதன்முதலாக ஒருவனைக் கொன்றதும் நடுங்கி அழுகிறாள். சற்று நேரத்தில் ஆள் ஆளாகச் சுட்டு வீழ்த்துகிறாள், தலையைக் குறிபார்த்துச் சுட்டால் கேம் அவளுக்குக் கூடுதல் புள்ளியும் தருகிறது. கதை ஒன்று சொல்ல ஆட்டம் வேறொன்று செய்யும் இத்தகைய பிளவை, வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் 2007-இல் 'பயோஷாக்' கேமை முன்வைத்து விமர்சித்தார். அதை ஆட்ட–கதை முரண் எனலாம். லாரா தீவிலிருந்து தப்ப வேண்டும் என்ற கதைத் தேவை அவளது நடுக்கத்தை அழிக்கவில்லை. கொலைக்குப் புள்ளி கொடுத்த விதிதான் அழித்தது. கேமில் பாத்திரத்தை எழுதுவது வசனம் மட்டுமன்று. எந்தச் செயல் அனுமதிக்கப்படுகிறது, எதற்குப் பரிசு கிடைக்கிறது, எது விலக்கப்படுகிறது என்னும் விதிகளும் சேர்ந்தே எழுதுகின்றன.

பாத்திரம் மாறவே கூடாது என்று வாதிடுவோரும் இதே நம்பிக்கையின் மறுபக்கத்தில்தான் நிற்கிறார்கள். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' முதல் கேமில், காயம்பட்டவன்போல் நடித்து உதவி கேட்டு வருபவனை நாயகன் ஜோயல் ஒரே பார்வையில் இனங்கண்டு வண்டியை நிறுத்தாமல் ஓட்டுகிறான்; 2020-இல் வந்த இரண்டாம் பாகத்தில் முன்பின் அறியாதோர் நடுவில் அவன் பெயர் தயக்கமின்றி வெளிப்பட, அது சாவில் முடிகிறது. பாதுகாப்பான ஊரில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவனின் எச்சரிக்கை தளர்வது இயல்பே என்ற சமாதானத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் அந்தத் தளர்ச்சியை ஆடுபவர் அவனது கைகளின் வழியாக முன்கூட்டியே உணரவில்லை. சமாதானமாக மட்டுமே பின்னால் பெறுகிறார். குணம் மாறியது பிழையன்று, மாற்றம் ஆட்டத்துக்கு வெளியே நடந்ததே பிழை.

இப்பிழைக்குக் காரணம் பெரும்பாலும் வேலை நடக்கும் வரிசையில் இருக்கிறது. சண்டைகளும் களங்களும் புள்ளி முறையும் முடிவான பிறகு, அவற்றைக் கோத்துத் தரும்படி எழுத்தாளர் அழைக்கப்படும்போது, விதிகள் ஏற்கெனவே வேறொரு ஆளை உருவாக்கி முடித்திருக்கின்றன. கட்டிங்கில் விழுந்த பிழையை அயர்னிங்கில் எடுக்க முடியாது என்பது திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனியிலும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேம் தொழிலிலோ கடைசியில் போடும் வசனத் தேய்ப்பையே கதை எழுதுதல் என்று அழைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை.

பெருஞ்செலவு இருந்தால்தான் இதைத் தவிர்க்க முடியும் என்பதும் உண்மையன்று. டொரோன்டோவைச் சேர்ந்த சிறு குழு 2023-இல் வெளியிட்ட 'வெண்பா', கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. சிதைந்துபோன சமையற்குறிப்பேட்டை வைத்துக்கொண்டு விட்டுப்போன படிகளை ஊகித்துச் சமைப்பதே அதன் ஆட்டம். இழந்த ஊரைக் கையால் மீட்க முயலும் ஒருத்தியின் இயல்பும் அதுவே. அங்கே ஆட்டத்தின் விதியும் பாத்திரத்தின் மனமும் ஒரே செயலில் கூடியிருப்பதால், சமன்செய்ய எதுவும் மிச்சமில்லை.

ஆகவே கதைக்காகப் பாத்திரத்தை எவ்வளவு வளைக்கலாம் என்ற கேள்வியே பிழையானது. கதை வேண்டும் முடிவை இந்தப் பாத்திரத்தின் எந்தக் குணம் கொண்டுவந்து சேர்க்கும், அந்தக் குணத்தை ஆடுபவரின் கைக்கு எந்த விதி தரும் என்பவையே கேட்க வேண்டியவை. அண்ணன்மார் கதையை நாளை ஒருவர் கேமாக்க முனைந்தால், அதில் வரும் காட்டுப்பன்றி வேட்டையின் அழகுக்கு முன் அவர் தீர்மானிக்க வேண்டியது, சங்கராக ஆடுபவருக்குப் பொறுத்துப்போகும் வாய்ப்பைத் தரக்கூடாது என்பதைத்தான். அதைத் தந்துவிட்டால், பிறகு எத்தனை நல்ல வசனம் எழுதினாலும் அது சங்கரின் கதையாக இராது.