மின்விசிறியை மாற்றச் சொல்பவர்கள் கூரையைப் பற்றியும் பேசட்டும்

சுற்றுச்சூழல் தினம் வந்தால் கல்லூரிகளில் ஓர் உறுதிமொழி வாசிக்கச் சொல்கிறார்கள். தேவையில்லாத விளக்கை அணைப்போம், ஏசியை 24 டிகிரியில் வைப்போம், நம் கார்பன் தடத்தைக் குறைப்போம். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் காலனிகளிலிருந்து பேருந்து ஏறி வரும் நம் பிள்ளைகளும் கையை நீட்டி அதைச் சொல்கிறார்கள். எந்த ஏசியை?

தனிமனிதரின் 'கார்பன் தடம்' என்ற பேச்சை 2000களில் விளம்பரம் செய்து உலகெங்கும் பரப்பியது பிபி என்ற எண்ணெய் நிறுவனம். தோழர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு கணக்குக்கு வாருங்கள்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்குள்ளேயே ஓட்டும் வீடு ஆண்டுக்கு 600 யூனிட்டைத் தாண்டாது. யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்தால் 420 கிலோ. வீட்டில் நான்கு பேர் என்றால் தலைக்கு நூறு கிலோ சொச்சம். இது மின்சாரம் மட்டும்தான். ஆனால் ஓர் அமெரிக்கரின் மொத்த உமிழ்வு சராசரியாக ஆண்டுக்கு 14 டன் என்பதோடு வைத்துப் பாருங்கள். இந்தியச் சராசரியே சுமார் 2 டன். காலனிக்காரர்கள் எதைக் குறைப்பது?

அதனால் இது நம் பிரச்சினை இல்லை என்று ஒதுங்கிவிட முடியாது. வெயில் நம் கூரைமேல்தான் முதலில் இறங்குகிறது. அரசு கட்டிக்கொடுத்த சின்னக் கான்கிரீட் வீடும், கல்நார் ஓடு போட்ட வீடும் சித்திரையில் இரவு பன்னிரண்டுக்கும் அனலடிக்கின்றன. 'பழையபடி ஓலைக் கூரைக்குத் திரும்புங்கள், குளுமை' என்று பசுமைவாதிகள் சிலர் எழுதுகிறார்கள். 1957 முதுகுளத்தூர் கலவரத்தில் எரிந்தவை ஓலைக் கூரைகள். 1968இல் வெண்மணியில் 44 பேர் கருகியதும் ஒரு குடிசைக்குள். நம் மக்கள் கான்கிரீட் கேட்டது பகட்டுக்காக அல்ல.

ஆகவே மின்விசிறி இரவு பகலாக ஓடியே ஆகவேண்டும். பழைய விசிறி 75 வாட். நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட், இரண்டு மாதத்தில் 90 யூனிட். அந்த ஒரு விசிறியே இலவச மின்சாரத்தைத் தின்றுவிடுகிறது. பிஎல்டிசி விசிறி 28 வாட்தான், அதே ஓட்டத்துக்கு 34 யூனிட் போதும். ஆனால் விலை கூடுதல். 100 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு மிச்சப்படுத்தினாலும் கையில் ஒரு ரூபாய் வராது. மிச்சம் இலவசத்துக்குப் பணம் கட்டும் அரசுக்குத்தான். அப்படியானால் விசிறியை வாங்கித் தரவேண்டியது யார்? மிக்சியும் கிரைண்டரும் கொடுத்த அரசுக்கு இது பெரிய காரியமா!

சூரிய மின்சாரக் கதையும் இதுவேதான். 2024இல் ஒன்றிய அரசு அறிவித்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். சொந்த வீடு, தகட்டைத் தாங்கும் கூரை, மின் இணைப்பு எல்லாம் இருக்கவேண்டும். மீதிப் பணத்தையும் போட வேண்டும். பெரிய பில் கட்டுகிறவருக்குப் போட்ட பணம் சில ஆண்டுகளில் திரும்பிவிடும். பில்லே வராத வீட்டுக்கு எதில் திரும்பும்? ஆக மானியம் மாடி வீட்டுக்குப் போகிறது. பட்டா இல்லாமல் இரண்டு தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

வெயிலுக்கா பஞ்சம்? திருச்சுழிக்கு அடுத்த கமுதியில் 2016இல் அதானி குழுமம் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை 2,500 ஏக்கரில் அமைத்தது. அங்கே தகடுகளைத் துடைக்க ரோபோக்கள் உண்டு. இதே வெயிலில் சீமைக்கருவேலம் வெட்டி, கரிமூட்டம் போட்டு, புகைக்குள் நிற்பவர்களின் வீட்டு மேல் ஒரு தகடு இல்லை.

இது நடக்காத காரியமுமல்ல. 2011இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய சூரிய ஒளி பசுமை வீடுகள் திட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் சூரிய விளக்குகள் சேர்த்தே கட்டிக்கொடுக்கப்பட்டன. இப்போதைய கலைஞரின் கனவு இல்லத்திலும் அதைச் சேர்க்கலாம். பழைய காலனி வீடுகளுக்கு மின் வாரியமே தகடு பொருத்தி, மின்சாரத்தைத் தான் எடுத்துக்கொண்டு, கூரைக்கு வாடகை தரலாம். 2024இல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. அந்த நிதியிலிருந்து இதைக் கேட்போம். கூரைக்கு வெள்ளை அடிக்கவும் அதிலேயே பணம் கேட்போம், வீட்டுக்குள் வெக்கை குறைய அதைவிட மலிவான வழி இல்லை.

அடுத்த கிராம சபைக்கு முன் உங்கள் காலனியில் எத்தனை வீட்டுக்குப் பட்டா உண்டு, எத்தனை கல்நார் கூரை, எத்தனை பழைய விசிறி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பதிய மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள்.