கடைசிக் குழாயடிக்கு வாருங்கள், தோழர்களே!

ரேணிகுண்டா தோழர்களுக்கு,

ஐப்பசி மழை தலைக்கு மேல் நிற்கிறது. அது இறங்குவதற்குள் நாம் ஒரு வேலையைத் தொடங்கியாக வேண்டும். நம் ஊரில் ஒவ்வொரு குழாய்த் தடத்தின் கடைசிக் குழாயிலும் வாரம் ஒரு முறை தண்ணீரைச் சோதிக்க வேண்டும். வந்த எண்ணை அன்றைக்கே தெருச் சுவரில் தமிழிலும் தெலுங்கிலும் எழுத வேண்டும். சோதிப்பது நாம், எழுதுவதும் நாம். வேறு யாராவது செய்வார்கள் என்று காத்திருக்க நேரமில்லை.

இத்தனை வருடமாக நாம் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: தண்ணீர் வருகிறதா, இல்லையா? அதற்காகக் காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்திருக்கிறோம். பிந்தெ தூக்கி வந்த தெலுங்கு அக்காவும் குடம் தூக்கி வந்த நம் அம்மாவும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். வந்த தண்ணீர் எப்படிப்பட்டது என்று கேட்டு ஒரு நாளாவது உட்கார்ந்திருக்கிறோமா?

என் வீட்டுக் குழாய் வாயில் என் மனைவி ஒரு துணி கட்டி வைத்திருக்கிறாள். பழைய வேட்டியில் கிழித்தது, கைக்குட்டை அளவு. போன வாரம் அதை அவிழ்த்து என் முன்னால் விரித்துப் போட்டாள். நடுவில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் துருக்கறை. அதைச் சுற்றிப் பச்சையாக ஒரு வழுவழுப்பு. ஓரமெல்லாம் பொடிமணல். விரலால் தேய்த்து மோந்து பார்த்தேன், பாசி வாடை. "துணியில நின்னது இது. நிக்காம உள்ள போனது என்ன?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நம்மில் யாருக்கும் தெரியாது. அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது.

தொட்டியில் நன்றாக இருக்கும் தண்ணீர் வீட்டுக்கு வருவதற்குள் எப்படிக் கெடுகிறது என்று பலர் கேட்கிறார்கள். குழாயில் இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் ஓடினால் உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தம் இருக்கும். விரிசல் இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். விட்டு விட்டுத் தண்ணீர் விடும் ஊரில் அப்படி இல்லை. வால்வை மூடியதும் குழாய் காலியாகி உள்ளே உறிஞ்சத் தொடங்கும். விரிசலுக்கு வெளியே என்ன இருக்கிறதோ அது உள்ளே போகும். சாக்கடைக்குள் முங்கியபடி போகும் குழாயாக இருந்தால் என்ன போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குழாயில் நேராக மோட்டாரை மாட்டி இழுக்கும் வீடு அந்த உறிஞ்சலை இன்னும் கூட்டுகிறது. தனக்கு ரெண்டு குடம் அதிகம் கிடைக்கிறது என்று நினைக்கிறவர், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் டம்ளருக்குள் சாக்கடையை இழுத்து விடுகிறார். நம் தோழர்கள் வீட்டில் அப்படி மோட்டார் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். ஊரைக் கேட்கும் முன் அது நடக்க வேண்டும்.

இதற்கெல்லாம் காவல் குளோரின். தொட்டியில் போட்ட குளோரின் கிருமியைக் கொன்றது போக மீதி கொஞ்சம் தண்ணீரோடு கூடவே வரவேண்டும். வழியில் ஏதாவது உள்ளே புகுந்தால் அந்த மீதிதான் சண்டை போடும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 அந்த மீதி லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது. 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது.

கணக்கைப் பாருங்கள். 60,000 லிட்டர் தொட்டிக்கு 240 கிராம் பிளீச்சிங் பவுடர் என்று வைத்துக்கொள்வோம். பவுடர் புதிதாக இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும், லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் வரை கிடைக்கும். அதே பவுடர் மூட்டை வாய் திறந்து மாதக்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் வீரியம் பத்து சதவீதத்துக்கு இறங்கிவிடலாம். அப்போது கிடைப்பது 0.4. அதுவும் தொட்டியின் அழுக்கோடும் குழாயின் பாசியோடும் மல்லுக்கட்டித் தீர்ந்துபோகும். கடைசி வீட்டுக்கு வருவது வெறும் தண்ணீர். ரெஜிஸ்டரில் மட்டும் "பிளீச்சிங் போடப்பட்டது" என்று இருக்கும். எழுதியவர் பொய் சொல்லவில்லை, போட்டது உண்மை. ஆனால் வந்து சேரவில்லை.

ரயில்வேயில் வேலை பார்த்த தோழர்களுக்கு இது புதிதில்லை. பிளாட்பாரக் குழாயில் ஹெல்த் இன்ஸ்பெக்டர் சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்து சொட்டு விட்டு, நிறம் பார்த்துக் குறித்துக்கொண்டு போவதை நாம் பார்த்திருக்கிறோம். ஆர்த்தோடாலிடின் விட்டால் மஞ்சள். டி.பி.டி. மாத்திரை போட்டால் இளஞ்சிவப்பு. நிறம் வரவே இல்லை என்றால் குளோரின் இல்லை. இரண்டு நிமிட வேலை. ஜங்ஷனில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுப் போகும் பயணிக்கு அந்த இரண்டு நிமிடம் உண்டு. ஜங்ஷனுக்கு வெளியே காலமெல்லாம் குடியிருக்கும் நமக்கு ஏன் இல்லை?

கனடாவில் வாக்கர்ட்டன் என்று ஓர் ஊர். ஐயாயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். 2000-ம் ஆண்டு மே மாதம் அங்கே கனமழை பெய்தது. மாட்டுச் சாணம் கலந்த தண்ணீர் ஊர்க் கிணறு ஒன்றில் இறங்கியது. போதிய குளோரின் இல்லை. சுமார் 2,300 பேர் படுத்தார்கள், 7 பேர் இறந்தார்கள். பிறகு நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் விசாரித்தபோது ரெஜிஸ்டரின் கதை வெளியே வந்தது. குளோரின் அளவை ஒழுங்காக அளக்காமலே நாள்தோறும் ஒரு எண்ணை எழுதி வந்திருக்கிறார்கள். தண்ணீரில் கிருமி இருக்கிறது என்று ஆய்வுக்கூடம் சொன்ன பிறகும், சுகாதார அதிகாரிகள் கேட்டபோது தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றே பதில் வந்தது. பணக்கார நாடாக இருந்தும் இப்படி. ரெஜிஸ்டரைத் தவிர வேறு கண் அந்த ஊருக்கு இல்லை.

கனடா வரை ஏன் போக வேண்டும்? 2018 மார்ச்சில் குண்டூரில் குடிதண்ணீரில் கழிவுநீர் கலந்து வயிற்றுப்போக்கு பரவியது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2020 டிசம்பரில் ஏலூரில் 600 பேருக்கு மேல் திடீரென்று வலிப்பு கண்டு விழுந்தார்கள். எய்ம்ஸ், நீரி என்று பெரிய நிறுவனங்கள் எல்லாம் மாதிரி எடுக்க ஓடி வந்தன, ஆனால் மக்கள் விழுந்த பிறகு. 2024 அக்டோபரில் விஜயநகரம் மாவட்டம் குர்லாவில் வயிற்றுப்போக்கில் உயிர்கள் போயின. துணை முதல்வர் பவன் கல்யாண் நேரில் வந்து பார்த்தார். குர்லா நம் ஊரைப் போல ஒரு மண்டலத் தலைமையிடம்தான். தலைவர்கள் வந்து ஆறுதல் சொல்லும் ஊராக ரேணிகுண்டா ஆகக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நம் பக்கத்து மண்ணில் நடந்தது. தண்ணீரில் மிஞ்சிப்போன ஃப்ளூரைடால் எலும்பு முடங்கும் நோய் இந்தியாவில் முதன்முதலாக 1937-ல் அன்றைய நெல்லூர் மாவட்டத்திலிருந்துதான் பதிவானது. அதைப் பதிவு செய்தவர்கள் மருத்துவர்கள். அதற்கு முன்பே கண்டவர்கள் விவசாயிகள். உழவு மாடுகள் நடக்க முடியாமல் முடங்குவதை அவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். முதலில் பார்க்கிறவன் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவன்தான். ஆனால் பார்த்ததை அளந்து எழுதி வைக்காவிட்டால் அவன் பேச்சு அம்பலம் ஏறாது.

சிலர் சொல்வார்கள்: "நாங்கள் கேன் தண்ணீர் வாங்கிவிடுகிறோம்." வாங்குங்கள், குறை சொல்லவில்லை. ஆனால் ஆர்.ஓ. பிளாண்ட் தண்ணீரில் குளோரின் மீதி இருக்காது. கழுவாத கேனில், கை விட்டு மொண்ட பாத்திரத்தில் அது கெட்டால் தடுக்க உள்ளே எதுவும் இல்லை. அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. கேன் வாங்க முடிந்த வீடு குழாயை மறந்துவிடுகிறது. கேட்கத் தெரிந்தவர்கள், எழுதத் தெரிந்தவர்கள், அலுவலகப் படி ஏறத் தெரிந்தவர்கள் எல்லாரும் கேனுக்குப் போய்விட்டால், குழாயடியில் மிஞ்சுவது யார்? தினக்கூலிக்குப் போகும் வீடுகள். அந்த வீட்டுப் பிள்ளைக்காகக் கேட்க ஆள் இல்லாமல் போகிறது. கேன் வாங்கும் தோழர்களே, நீங்கள்தான் முதலில் வரவேண்டும்.

கடைசிக் குழாய் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேனே, அது யார் வீட்டுக் குழாய் என்று யோசித்தீர்களா? தொட்டியிலிருந்து தூரமாக, அழுத்தம் குறைந்து, கடைசியாகத் தண்ணீர் போகும் இடம் பெரும்பாலான ஊர்களில் தலித் காலனிதான். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்ததே, அது எப்படித் தெரிய வந்தது? குழந்தைகள் நோயில் விழுந்த பிறகு. அங்கே குழந்தையின் உடம்புதான் சோதனைக் குழாயாக இருந்தது. நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. முதல் வாரமே நம் சோதனை காலனியின் கடைசிக் குழாயில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பஜார் தெருவில் தொடங்கினால் நல்ல எண் வரும், எல்லாரும் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடுவோம்.

ஒரு எச்சரிக்கை. டேங்க் ஆப்பரேட்டரை எதிரியாக்காதீர்கள். பல ஊர்களில் அவர் ஒப்பந்தக் கூலி. கையுறைகூட இல்லாமல் பிளீச்சிங் பவுடர் கலக்குகிறார், விடிய நாலு மணிக்கு வால்வு திறக்கிறார். எந்தத் தடத்தில் எந்த இடத்தில் குழாய் சாக்கடைக்குள் போகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் நம் தோழர். அவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். புது பவுடர் அவருக்கு வரவேண்டும் என்பதும் நம் கோரிக்கையில் ஒன்று.

குளோரின் சோதனை கிருமிக்கு எதிரான காவலை மட்டும்தான் சொல்லும். கிருமியே இருக்கிறதா என்று பார்க்க எச்.டு.எஸ். பாட்டில் இருக்கிறது. கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி, வீட்டுக்குள்ளே கதகதப்பான இடத்தில் வைத்துவிட வேண்டும். ஒன்றிரண்டு நாளில் கறுத்தால் மலக்கிருமி சந்தேகம். நைட்ரேட், ஃப்ளூரைடு இரண்டும் போர் தண்ணீரின் தொல்லை. நிறம், மணம் எதுவும் காட்டாது, கொதிக்க வைத்தாலும் போகாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு ஆகாது. திருப்பதியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் நம் மண்டலத்துத் தூக்கிவாக்கத்தில் இருக்கிறது, சுவர்ணமுகி நம்மை ஒட்டி ஓடுகிறது. 2021 நவம்பர் வெள்ளத்தில் அந்த ஆறு என்ன செய்தது என்று யாருக்கும் மறந்திருக்காது. ஆற்றோரப் போர்களுக்கு மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என்று ஆய்வுக்கூடச் சோதனை வேண்டும். இதை நாம் வீட்டில் செய்ய முடியாது, எழுதிக் கேட்க வேண்டும்.

கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. ஹைதராபாத்தின் ஹிமாயத் சாகர், உஸ்மான் சாகர் ஏரிகளைப் பற்றிய வழக்கில், தூய குடிநீர் தருவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவின் கீழ் அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2000-ல் சொல்லிவிட்டது. ஹைதராபாத் நம் மாநிலத்தில் இருந்த நாளின் வழக்கு அது. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் மிஷனில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தரவேண்டும், கையடக்கச் சோதனைப் பெட்டி தரவேண்டும் என்று இருக்கிறது. கிராமச் சச்சிவாலயத்தில் போய்க் கேளுங்கள்: அந்த ஐவர் யார், பெட்டி எங்கே, மருந்தின் தேதி முடியவில்லையே? வாய்ப் பதில் வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கொடுத்தால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

பல வருடம் முன், பிழைப்புக்காக வேறோர் ஊரில் வாடகைக்கு இருந்தேன். என் அக்காள் மகனுக்கு இரண்டு வயது. வெள்ளிக்கிழமை ராத்திரி பேதி தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வரவில்லை. குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் அந்தத் தெருவில் ஏழு வீட்டில் அதே கதை. ஒவ்வொரு வீடும் தன் பிள்ளை எதையோ தின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு தனித்தனியாக ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறது. ஏழு வீட்டுக்கும் ஒரே குழாய். யாரும் யாரையும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே சோதனை எண்ணைக் குறிக்கும் நோட்டில் இன்னொரு பத்தியும் போடுகிறோம்: இந்த வாரம் தெருவில் எத்தனை வீட்டில் பேதி. பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். ஆஷா அக்காக்களிடம் இப்போதே பேசிவிடுங்கள். ஒரே தடத்தில் மூன்று வீடு என்று வந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தடத்துக்காரர்கள் எல்லாரும் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். குமிழி விட்டுத் தளதளவென்று ஒரு நிமிடம், அதுவரை அடுப்பிலிருந்து இறக்காதீர்கள்.

வரும் ஞாயிறு, விடிகாலை, தண்ணீர் விடும் நேரத்துக்கு முன்பே காலனிக் கடைசிக் குழாயடியில் கூடுகிறோம். தெருவுக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். தண்ணீர் வரும் நேரம் தெரிந்தவர்கள் பெண்கள்தான். குளோரின் சோதனைக் குப்பிகளும் பத்து எச்.டு.எஸ். பாட்டிலும் வாங்க சங்க நிதியில் பணம் எடுத்திருக்கிறோம். பற்றாததற்கு அங்கேயே உண்டியல் வைப்போம். வரும்போது உங்கள் வீட்டுக் குழாயில் கட்டியிருக்கும் துணியை அவிழ்த்து, கழுவாமல், ஒரு பாலித்தீன் கவரில் போட்டு, மேலே தெருப் பெயரை எழுதி எடுத்து வாருங்கள். அடுத்த கிராம சபையில் மேஜைமேல் வரிசையாக விரித்து வைக்க வேண்டும்.