கண்மாய்க்கரையும் ஒரு வியூ பாயிண்ட்தான்

இன்டர்னல்ஸ் முடிந்த அன்றைக்கு நம்ம கிளாஸ் குரூப்பில் வருகிற முதல் மெசேஜ் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். "மச்சி, கொடை?" அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் எத்தனை பைக், யார் பின்னாடி யார், பெட்ரோலுக்குத் தலைக்கு எவ்வளவு என்பதெல்லாம் முடிவாகிவிடும். ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி, கோக்கர்ஸ் வாக்கில் ஒரு ரீல்ஸ், சில்வர் காஸ்கேடில் ஒரு குரூப் போட்டோ, ஒரு மேகி, ரிட்டர்ன். திங்கட்கிழமை ஃபர்ஸ்ட் ஹவர் ஃபுல்லா தூக்கம்.

அந்த மெசேஜுக்கு நாங்கள் தம்ஸ் அப் கூடப் போடுவதில்லை. நாங்கள் என்றால் கேர்ள்ஸ் ஹாஸ்டல். ஆறரைக்கு கேட் சாத்திவிடுவார்கள். வீட்டில் கேட்டால் "பொம்பளப் புள்ள பைக்ல மலைக்கா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சரி, அது வேறு சண்டை. இந்தக் கட்டுரையில் அந்தச் சண்டையின் ஒரு சின்னப் பகுதியை மட்டும் கடைசியில் எடுக்கிறேன்.

இப்போது பேச வந்தது, நாலு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு டயலாக்கைப் பற்றி. "நம்ம அருப்புக்கோட்டைப் பக்கம் என்ன இருக்கு, வெயிலும் கருவமரமும்தான்." வெளியூர் பசங்க மட்டுமில்லை, பாளையம்பட்டிக்காரர்களும் திருச்சுழிக்காரர்களுமே இதைச் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், இன்ஜினியரிங் படிக்கிறோம் இல்லையா.

சமதரையில் நிற்கிற ஒருவருக்கு அடிவானம் எவ்வளவு தூரத்தில் இருக்கும்? கண் இருக்கிற உயரத்தை மீட்டரில் எடுத்து, ஸ்கொயர் ரூட் போட்டு, 3.57-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வந்துவிடும். கண் 1.7 மீட்டரில் இருந்தால் சுமார் 4.6 கிலோமீட்டர். இப்போது ஒரு கண்மாய்க்கரையில் ஏறுங்கள். கரை 5 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் கண் 6.7 மீட்டரில் இருக்கிறது. அடிவானம் 9.2 கிலோமீட்டருக்குப் போய்விடும். ரெண்டு மடங்கு தூரம், பரப்பு என்று பார்த்தால் நாலு மடங்கு. வெறும் 5 மீட்டர் ஏறியதற்கு! மலையூரில் இந்த வசதி கிடையாது, அங்கே ஒரு மலை ஏறினால் எதிரே இன்னொரு மலை மறைக்கும். நம்ம பொட்டலில் மறைப்பதற்கு எதுவுமே இல்லை. இல்லை இல்லை என்று நாம் புலம்புகிற அந்த வெறுமைதான் இங்கே வியூ.

மார்கழி மாதம் காலையில் போய்ப் பார்க்கணும். வடகிழக்குப் பருவமழை முடிந்து கண்மாயில் தண்ணீர் நிற்கிற நேரம் அது. ஒரு பக்கம் தண்ணீர், கொக்கும் நீர்க்காகமும். மறு பக்கம் கரைக்குக் கீழே வயல். தூரத்தில் ஏதோ ஒரு ஊர்க் கோபுரம். மழை பெய்து தூசி அடங்கிய காலை என்றால் மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலை பென்சில் கோடு மாதிரி தெரியும். சந்தேகம் இருந்தால் அதே ஃபார்முலாவில் 1500 மீட்டரைப் போட்டுப் பாருங்கள், நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். நாம் ஐம்பது அறுபதுக்குள்தான் இருக்கிறோம்.

ஒரு கரையின் மேல் ஒரு கிலோமீட்டர் நடந்தால் இன்னொன்றும் புரியும். சர்வேயிங் லேபில் ஆட்டோ லெவலை வைத்துக்கொண்டு காண்டூர் போட ஒரு செமஸ்டர் பூரா தவித்தோம். இந்தக் கரை கிட்டத்தட்ட ஒரு காண்டூர் கோடுதான். கண்ணுக்குத் தெரியாத சரிவை ஓடிவருகிற மழைத்தண்ணீரை வைத்தே கண்டுபிடித்து, சரிவுக்குக் குறுக்கே அரைவட்டமாக மண்ணைக் கொட்டியிருக்கிறார்கள். நிறைந்தால் கலிங்கு வழியாக மறுகால் போய் அடுத்த கண்மாய், அது நிறைந்தால் அதற்கடுத்தது. மேலே நின்று பார்த்தால்தான் இந்தச் சங்கிலி தெரியும். பஸ் ஜன்னலில் தெரியாது.

பைக்கில் போகிறவர்களுக்கு ரெண்டு எச்சரிக்கை. ஒன்று, சீமைக்கருவேல முள் டயரைச் சும்மா விடாது, பஞ்சர் கிட் இல்லாமல் கரைப்பாதையில் இறங்காதீர்கள். ரெண்டு, மழை பெய்த மறுநாள் கரிசலில் வண்டியை விடவே விடாதீர்கள். ஈரம் பட்டால் ஊதிப்போகிற மண் அது, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அப்பிக்கொண்டால் சக்கரம் சுற்றாது. ஸ்கூட்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடப்பதுதான் நல்லது. நடந்தால் ஆட்களும் பேசுவார்கள். "என்ன தாயி, வண்டி ரிப்பேரா?" என்று ஆடு மேய்க்கிற தாத்தா கேட்டார். சும்மா பார்க்க வந்தோம் தாத்தா என்றதும், "பாக்க என்ன இருக்கு" என்று சொல்லிக்கொண்டே, எந்த மடை எந்த வயலுக்குப் போகுது என்று முக்கால் மணி நேரம் காட்டினார்.

மலை இல்லாத ஊர் என்று திருச்சுழியைச் சொல்கிறோம். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு மலையோடு வாழ்க்கை பூரா ஒட்டிக்கொண்டிருந்தவர் யார் என்று கேட்டால் எனக்கு முதலில் வருகிற பெயர் ரமணர். 1879-இல் திருச்சுழியில், குண்டாற்றுக் கரையில் பிறந்தவர். 1896 ஆகஸ்ட் 29 அன்று, பதினாறு வயதில், மதுரையில் இருந்து ரயிலேறினார். வழியில் கையில் காசு தீர்ந்து, மாம்பழப்பட்டில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். செப்டம்பர் 1 திருவண்ணாமலை. அப்புறம் 1950-இல் இறக்கும்வரை அந்த ஊரை விட்டுப் போகவே இல்லை. பக்தி இருக்கிறதோ இல்லையோ, ஒரே மலையை, 14 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில், திரும்பத் திரும்ப நடந்தே பார்த்தவர் நம்ம தாலுகாக்காரர். நாமோ ஒரே நாளில் ஏழு ஸ்பாட் கவர் பண்ணுகிறோம்.

இதற்கு ஆயிரம் வருஷம் முன்னாடியே இந்தச் சமவெளியில் இருந்து மலைக்கு நடந்தவர்கள் இருக்கிறார்கள். காரியாபட்டி ஆவியூர் பக்கம் குரண்டி என்று ஒரு ஊர். அங்கே திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளி இருந்தது. அந்தப் பள்ளித் துறவிகளின் பெயர்கள் மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடி சமணர் மலையில் வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன, 9, 10-ஆம் நூற்றாண்டு வாக்கில். நாம் பஸ்ஸில் இயர்போன் மாட்டிக்கொண்டு தூங்கிப்போகிற ஊர், பாறையில் எழுத்தாக இருக்கிறது. அருப்புக்கோட்டையில் இருந்து மதுரை ஐம்பது கிலோமீட்டர்தான். காலையில் போய் செட்டிப்புடவும் பேச்சிப்பள்ளமும் பார்த்துவிட்டு, கீழே தாமரைக் குளத்தில் உட்கார்ந்துவிட்டு, ஆறரை மணி கேட்டுக்குள் திரும்பிவிடலாம். கொடையில் இப்படி நடக்காது. அதுவும் 2024 மே 7-இல் இருந்து ஹைகோர்ட் உத்தரவுப்படி இ-பாஸ் வேறு. அந்த மலை இதற்குமேல் தாங்காது என்பதால்தானே கோர்ட்டே தலையிட வேண்டிவந்தது?

பக்கத்தில் இருக்கிற குன்றை நடந்து பார்ப்பதை நான் பொழுதுபோக்காக மட்டும் நினைக்கவில்லை. யானைமலையைச் சிற்ப நகரம் ஆக்கப்போகிறோம் என்று ஒரு திட்டம் வந்து, எதிர்ப்பால் நின்றது. அந்தச் சமயத்தில், 2010-இல், எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுத்ததுதான் மதுரையின் பசுமை நடை. குடும்பம் குடும்பமாகக் குன்றுகளுக்கு நடந்து போனார்கள். அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு குன்று, 72 ஏரி, 200 சுனை. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். ரெண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்துவிட்ட செய்தி வந்தது. ஊர் மக்கள் ரோட்டுக்கு வந்தார்கள், சட்டசபையில் தீர்மானம் போட்டார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. போராடியது அந்த ஊர்க்காரர்கள், அதில் யாருக்கும் பங்கு கேட்க முடியாது. ஆனால் அதற்குள் அந்தக் குன்றுகள் எப்படி இருக்கும் என்று நேரில் தெரிந்தவர்கள் வெளியூரிலும் நிறையப் பேர் இருந்தார்கள். "அது வெறும் பாறை" என்று யாரும் சொல்லித் தப்பிக்க முடியவில்லை. பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் குழிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு, பூமியை எவ்வளவு ஆழம் தோண்ட முடியும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

"நாம போனா நாமளே நாசம் பண்ணிருவோம்" என்று என் ரூம்மேட் சொல்கிறாள். நியாயம்தான். சமணர் மலைப் பாறையில் காதலர் பெயர்களை நானே பார்த்தேன். ஆயிரம் வருஷ எழுத்துக்குப் பக்கத்தில் ஹார்ட்டின் படம்! அதனால் பத்து பைக், ப்ளூடூத் ஸ்பீக்கர், பிரியாணிப் பொட்டலம் என்று கிளம்புகிறவர்களை நான் கூப்பிடவில்லை. அவர்கள் கொடைக்கே போகட்டும் என்று சொல்லவும் மனசு வரவில்லை, பாவம் கொடை. நாலு பேராகப் போங்கள், ஊருக்குள் நுழையும்போது டீக்கடையில் சொல்லிவிட்டுப் போங்கள். வனத்துறை காட்டுக்குள் அனுமதி இல்லாமல் மட்டும் போகவே போகாதீர்கள். 2018 மார்ச் 11 குரங்கணித் தீ யாருக்கும் மறந்திருக்காது. கண்மாய்க்கரைக்கு எந்த பாஸும் வேண்டாம்.

ஆனால் எங்களுக்கு ஒரு பாஸ் வேண்டும். காலை ஆறு மணிக்கு கரையில் நிற்கணும் என்றால் ஐந்தரைக்கு கேட் திறக்கணும். பசங்க ஹாஸ்டலில் அந்த நேரத்துக்கு டீ குடிக்கவே வெளியே போகிறார்கள். நாங்கள் கேட்பது டிசம்பர், ஜனவரி ரெண்டு மாதம், ஞாயிற்றுக்கிழமை மட்டும், ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒன்பது மணிக்குள் திரும்புகிற மாதிரி. லெட்டர் எழுதியாகிவிட்டது, லைப்ரரி வாசலில் மதியம் பிரேக்கில் வைத்திருப்போம். பசங்களும் கையெழுத்துப் போடலாம், போட்டால் வெயிட்டாக இருக்கும்.