முப்பத்தாறாம் பக்கம்

சூரியநெல்லியில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் வரிசை கட்டிவிடுகின்றன. கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களைப் பிடிக்க வேண்டும். எல்லா ஓட்டுநர்களும் ஒரே வாசகத்தைத்தான் கூவுகிறார்கள். ஒருவர் மட்டும் அன்று கூவவில்லை. மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தைச் சற்று நேரம் கவனித்தார். பிறகு முழங்காலைப் பிடித்தபடி நின்ற மூதாட்டியைக் காட்டி, "அம்மாவுக்கு அந்த ரோடு ஆகாதுண்ணே, குலுக்கி எடுத்துடும். வெயில் வந்தப்புறம் எல்லாருமா ஆனையிறங்கல் அணைப் பக்கம் போகலாம்" என்றார். குடும்பம் அவர் ஜீப்பில் ஏறியது.

நான் அப்போது சின்னக்கானலில் தங்கியிருந்தது வேலை தேடி. போடிமெட்டு, பூப்பாறை வழியாக மூணாறு போகும் சாலையையொட்டி விடுதிகள் பெருகிவிட்டன. உரிமையாளர்களில் மலையாளிகள் அதிகம். தங்க வருகிறவர்களில் தமிழ்நாட்டவர் நிறைய. தேயிலை, ஏலத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைக்கிறவர்களும் தமிழர்கள். அறிவிப்புப் பலகை, கட்டண விவரம், அறை விதிமுறை என்று எதற்கும் தமிழ் தேவை. எந்த நிறுவனத்தையும் சாராத மொழிபெயர்ப்பாளனுக்கு இதைவிட நல்ல இடம் ஏது?

நாற்பது விடுதிகளுக்குக் கடிதம் அனுப்பினேன். நாற்பதும் ஒரே கடிதம்தான். என் முதுகலைத் தமிழ்ப் பட்டம், பத்திரிகை அனுபவம், பக்கத்துக்கு என்ன கட்டணம் என்று முழுக்க முழுக்க என்னைப் பற்றியே. மேலே விடுதியின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே போனேன். ஒன்றில் அதையும் மாற்ற மறந்துவிட்டேன். வந்த ஒரே பதில் அவரிடமிருந்துதான்: "நீங்கள் எழுதியிருப்பது எங்கள் விடுதி அல்ல."

ஜீப்காரரைப் பார்த்த பிறகு கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பலகைகளைப் படிக்கத் தொடங்கினேன். ஒரு விடுதி வாசலில், "யானைகளைப் பத்திரமாக வைக்கவும்" என்று தமிழில் எழுதியிருந்தது. சிரித்துவிட்டு, மேலே இருந்த மலையாளத்தைப் பார்த்தேன். 'சூக்ஷிக்குக' என்ற சொல்லுக்கு எச்சரிக்கையாக இரு என்றும் பொருள், பத்திரப்படுத்து என்றும் பொருள். யாரோ, அல்லது ஏதோ ஓர் இயந்திரம், இரண்டாவதை எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அது சிரிக்கிற ஊர் அல்ல. ரேஷன் அரிசிக்காகக் கடைகளை உடைத்த அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் மயக்க ஊசி போட்டு அப்புறப்படுத்தியது இங்கிருந்துதான். இருட்டிய பிறகு நடக்கக் கிளம்பும் விருந்தாளிக்கு அந்தப் பலகை ஒன்றுமே சொல்லவில்லை.

அன்றிரவு அந்த விடுதிக்கு மட்டும் ஒரு கடிதம் எழுதினேன். எட்டு வரி. பலகையில் என்ன இருக்கிறது, தமிழர் அதை எப்படிப் படிப்பார், என்ன இருக்க வேண்டும். கடைசி வரியில்தான் நான் யார் என்பது.

இதில் புதுமை ஏதுமில்லை. 1913 ஜனவரி 16 அன்று சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில், ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளத்தில் இருந்த ஒரு எழுத்தர் கேம்பிரிட்ஜுக்கு எழுதிய கடிதம் இப்படிப்பட்டதுதான். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பதை ராமானுஜன் மறைக்கவில்லை. ஹார்டி 1910இல் வெளியிட்ட சிறு நூலின் 36ஆம் பக்கத்தைக் குறிப்பிட்டு, பகா எண்களின் எண்ணிக்கைக்குச் சரியான கோவை இன்னும் கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள், எனக்குக் கிடைத்திருக்கிறது என்று எழுதினார். கூடவே தாள் தாளாகத் தேற்றங்கள். ஹார்டி பிப்ரவரி 8 அன்று பதில் எழுதினார். நிரூபணங்களைக் கேட்டார். 1914 மார்ச்சில் ராமானுஜன் கப்பலேறினார். வேடிக்கை என்னவென்றால், பகா எண்கள் பற்றிய அந்தக் கண்டுபிடிப்பு அவர் நினைத்த அளவுக்குத் துல்லியமாக இல்லை. மற்ற தேற்றங்கள் இல்லாமல் 36ஆம் பக்கம் மட்டும் என்ன செய்திருக்கும் என்பது வேறு கேள்வி. கேம்பிரிட்ஜின் வேறு இரு பேராசிரியர்களுக்கும் அவர் எழுதியிருந்தார். அங்கே கதவு திறக்கவில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் நூறு கடிதம் எழுதும். ஒவ்வொன்றிலும் பெறுகிறவரின் பெயர், ஊர், அண்மையில் அவர் போட்ட படத்துக்கு ஒரு பாராட்டு எல்லாம் இருக்கும். எனக்கும் வாரத்துக்கு நான்கைந்து வருகின்றன. 'உங்கள் சிந்தனையைத் தூண்டும் எழுத்துகளை' என்று தொடங்கும். எந்த எழுத்து என்பது மட்டும் இருக்காது. இன்னொரு வகையும் உண்டு: உரிமையாளரின் மகள் கல்யாணத்தை எங்கோ பார்த்துவிட்டு வாழ்த்தோடு ஆரம்பிப்பது. அது நெருக்கம் அல்ல, எட்டிப் பார்ப்பது. வாசலில் எல்லோருக்கும் தெரியும்படி மாட்டிய பலகையைப் படிப்பது வேறு, வீட்டு ஜன்னலுக்குள் பார்ப்பது வேறு.

இப்படி எழுதினால் ஒரு நாளில் இரண்டு கடிதம்தான் முடியும். சிலருக்குத் தவறைச் சுட்டுவதே பிடிக்காது. யானைப் பலகை விடுதிக்காரர் பதிலே போடவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்த வழியாகப் போனபோது பார்த்தேன், பலகை திருத்தப்பட்டிருந்தது. நான் எழுதிக் கொடுத்த அதே வாசகம், ஓர் எழுத்து மாறாமல். காசும் இல்லை, நன்றியும் இல்லை. கோபம் வந்தது உண்மை. விருந்தாளிகள் இனி சரியாகப் படிப்பார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு. "சாரே, ஆ ஆனை போர்டு எழுதிய ஆள்தானே?" என் பெயர் அவருக்கு நினைவில்லை. அறை விதிமுறைகள் பதினொரு பக்கம் இருந்தன.